அந்தாண்ட யாரு கீறாங்க?

பழவேற்காட்டில் "இன்னிக்கு யாரு பாடு?" என்று கேட்பவர் எவருடைய துன்பத்தையும் விசாரிக்கவில்லை. ஏரியில் வலை கட்டும் இடத்துக்கு அங்கே பாடு என்று பெயர். அந்த இடத்தில் வலை கட்டும் முறை இன்று யாருக்கு என்பதும் பாடுதான். சோறும் சண்டையும் சமாதானமும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்த வீட்டில் பிறந்தவள் நான். இன்று சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். செயலிகள் அனுப்பும் மின்னஞ்சல்களுக்கு வரிசை கட்டிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. என் நைனா, அதாவது அப்பா, ஏரியில் செய்ததும் நான் செய்வதும் ஒரே வேலை என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. புரிந்த விதம் நல்ல விதம் அல்ல.

1995இல் நான் எட்டாம் வகுப்பு. யாருக்கு எப்போது பாடு என்று சீட்டுப் போடும் நாளில் நைனா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்பிள்ளைகள் அந்தக் கூட்டத்துக்குப் போவது வழக்கமில்லை. நைனாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே வரும். தன் பெயர் எத்தனையாவதாக விழுகிறது, எந்த நாளில் எந்த இடம் என்று நோட்டில் குறித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. பெரியவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். சுருட்டிய சீட்டுகளை ஒரு சின்னப் பையன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஒருவர் பிரித்து உரக்கப் படித்தார், இன்னொருவர் எழுதினார். எழுதி முடித்ததும் முதலிலிருந்து கடைசி வரை மறுபடியும் படித்தார்கள். பெயர் வந்ததும் அந்த ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் படிப்பவர் அடுத்த பெயருக்குப் போகமாட்டார். தம்பியோ மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ "ஊருக்குப் போயிருக்கான், நான் சொல்லிடறேன்" என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் பட்டியல் நகரும். ஒரு பெயருக்கு யாருமே குரல் கொடுக்காமல் போக, அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றியது எனக்கு. இத்தனை நேரம் எதற்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே நோட்டை மூடினேன்.

எதற்கு என்பது ஏரியை அறிந்தவர்களுக்குத் தெரியும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில், வற்றத்து நீரோட்டத்தில், கழி நட்டுக் கட்டிய சுத்து வலையில் விழுகின்றன. ஆகவே முகத்துவாரத்துக்குப் பக்கமான சில இடங்களில் வலை நிறையும். மற்ற இடங்களில் சல்லடை போட்டாலும் கூலி தேறாது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனாலும் நல்ல இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று ஊர்களும் அந்த இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொண்டன. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பெயர். இன்று நல்ல இடத்தில் நின்றவர் நாளை சுமாரான இடத்துக்கு நகர்வார். சுற்று முடியும்போது எல்லோரும் எல்லா இடத்திலும் நின்றிருப்பார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991இல் இந்த முறையைப் பற்றித் தனி ஆய்வறிக்கையே வெளியிட்டது. எழுதியவர் செபாஸ்டியன் மாத்யூ. நான் அதைப் படித்தது கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு. நைனாவின் நோட்டில் நான் கிறுக்கி வைத்தது உலக அமைப்பு ஒன்றின் அச்சில் இருப்பதைப் பார்த்து அன்று அழுதேன்.

அதற்காக அந்த வரிசையைக் கோயில் போலத் தொழ மாட்டேன். அம்மாவின் பெயர் ஒரு நாளும் அதில் வந்ததில்லை. நைனா மஞ்சள் காமாலையில் படுத்திருந்த இரண்டு மாதமும் எங்கள் முறைக்குச் சித்தப்பாதான் போனார். கிடைத்ததில் பாதி அவருக்கு. அம்மாவுக்கு வலை கட்டத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை, அவள் தலைக்கட்டு இல்லை, அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர் பெண்களுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஏரியை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். இது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: யார் உள்ளே, யார் வெளியே என்பது ஊருக்கே தெரியும். யாரும் உள்ளே இருப்பதாக நம்பிக்கொண்டு வெளியே நின்றதில்லை.

வலை வந்த பிறகு இன்னொரு வரிசை உண்டு, அது அம்மாவின் ராஜ்யம். ஏலத்துக்கு முதலில் போவது இறால். ஐஸ் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் தலை கறுத்துப் போகும். கறுத்த இறாலைக் கேட்பாரில்லை. அடுத்து மடவை, கிழங்கான் போன்ற மீன்கள். களி நண்டு கடைசி. கயிற்றால் கொடுக்கைக் கட்டி ஈரச் சாக்கில் போட்டுவைத்தால் அடுத்த நாள்கூட உயிரோடு இருக்கும், அதற்கு அவசரமில்லை. ஆனால் நண்டை மறந்தும்விடக் கூடாது. "அது சாவறதில்லன்னு நெனச்சா அது செத்துடும்" என்பாள் அம்மா. நடுநடுவே போய்ச் சாக்கில் தண்ணீர் தெளித்து, இரண்டு நண்டு விற்றுவிட்டு, மறுபடி இறாலுக்கு வருவாள். எதை முதலில் தள்ளுவது என்பதை வந்த நேரத்தை வைத்து அவள் முடிவு செய்ததில்லை. எது முதலில் கெடும் என்பதை வைத்தே செய்தாள்.

1999இல் பிளஸ் டூ முடித்தேன். பொறியியல் கலந்தாய்வுக்கு அழைப்புக் கடிதம் தபாலில்தான் வரும். பத்து மணிக்குப் பை வந்து சேரும் என்று தெரிந்து ஒன்பதரைக்கே தபால் ஆபீஸ் வாசலில் நிற்பேன். தபால்காரர் அண்ணன் கட்டைப் பிரித்து அடுக்கும்போது உதடு அசைவதைப் பார்ப்பேன். பாலம் வருவதற்கு முன் அக்கரைக் குப்பங்களுக்கு அவர் படகில் போக வேண்டும், ஆகவே அந்தக் கடிதங்களை முதலில் பிரிப்பார். என்னுடையது வந்த அன்று கலந்தாய்வுக்கு நான்கு நாள்தான் பாக்கி. "சின்னக் கண்ணு, கிண்டியிலேர்ந்து வந்திருக்கு" என்று உறையை என் கையில் கொடுத்தார். ஆனால் கொடுத்துவிட்டு அவர் நகரவில்லை. நான் பிரித்துத் தேதியைப் படித்துச் சொன்ன பிறகுதான் சைக்கிளை எடுத்தார்.

அந்தக் காலத் தபாலில் 'சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்' என்று ஒன்று இருந்தது. கடிதத்தைத் தபாலில் சேர்த்ததற்கு முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். சேர்த்ததற்குத்தான் சான்று, போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வேண்டுமானால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்ப வேண்டும், அதற்குக் காசு அதிகம். அந்த மலிவான சான்றிதழை 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் ஆவி என் தொழிலில் இன்னும் உலவுகிறது.

ஒரு செயலி மின்னஞ்சல் அனுப்புவது எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறீர்கள். சர்வர் இப்போது அஞ்சல் சர்வரைக் கூப்பிட வேண்டும்: வணக்கம், நான் இன்னார், அனுப்புநர் இவர், பெறுநர் இவர், கடிதம் இது. ஒவ்வொரு வரிக்கும் மறுமுனை எண்ணோடு பதில் சொல்லும். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த எஸ்எம்டிபி நெறிமுறை இன்றும் இப்படித்தான் பேசுகிறது. 250 என்றால் சரி. 4இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. 5இல் தொடங்கினால் முடியாது, வரவே வராதே. இந்த உரையாடல் ஒரு விநாடியில் முடியலாம், அரை நிமிடமும் ஆகலாம். அதுவரை உங்கள் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்க விடக் கூடாது. அதனால் 'இன்னாருக்கு இந்தக் கடிதம்' என்று ஒரு சீட்டு எழுதி வரிசையில் போட்டுவிட்டு உங்களுக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறோம். பின்னால் வொர்க்கர் என்ற தனி நிரல் ஒன்று வரிசையின் மறுமுனையில் நின்று ஒவ்வொரு சீட்டாக எடுத்து அஞ்சல் சர்வரோடு பேசும். இதைத்தான் பேக்ரவுண்ட் ஜாப் என்கிறோம். சீட்டுகளை வைத்திருக்க ரெடிஸ். இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த சால்வடோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்டது. சீட்டை எடுத்து வேலை செய்ய சைட்கிக். மைக் பெர்ஹாம் 2012இல் எழுதியது. பைத்தான் எழுதுபவர்களுக்கு இதே வேலைக்கு செலரி இருக்கிறது. எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஒரு முனையில் சீட்டுப் போடுகிறவர், மறுமுனையில் எடுக்கிறவர், நடுவில் காத்திருப்பு.

2019இல் கடலோர மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்காக விண்ணப்பச் செயலி ஒன்றைக் கட்டினோம். அறக்கட்டளையின் பெயர் இங்கே வேண்டாம். தவறு அவர்களுடையது அல்ல. செயலியை எழுதிய சட்டகம் ரெயில்ஸ் 5.2, வரிசைக்கு சைட்கிக்கும் ரெடிஸும். வரிசையை அமைத்தது நான். தேர்வான பிள்ளைகளுக்கு நேர்காணல் அழைப்பு மின்னஞ்சலில் போக வேண்டும். என் மடிக்கணினியில் சோதித்தேன், கடிதம் போனது. சர்வரில் ஏற்றினோம். அறக்கட்டளை அலுவலர் ஒரு நாள் காலை பட்டியலைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை எழுத்தில் 'அழைப்புகள் அனுப்பப்பட்டன' என்று வந்தது. அந்த வரியை எழுதியதும் நான்தான்.

ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து போன். பக்கத்துக் குப்பத்து அண்ணன் ஒருவர், அவர் மகளும் விண்ணப்பித்திருந்தாள். "தங்கச்சி, இன்டர்வியூ நேத்தே முடிஞ்சிடுச்சாமே. எங்க பொண்ணு தெனம் பொன்னேரி போயி பிரௌசிங் சென்டர்ல பாத்துட்டு வந்தாளே, ஒண்ணும் வரலியே. எங்கள வுட்டுட்டாங்களா?" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். விட்டுவிட்டார்கள் என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள் என்கிற குரல்.

சர்வரைத் திறந்து பார்த்தேன். பிழை எதுவும் பதிவாகவில்லை, வொர்க்கர் நலமாக ஓடிக்கொண்டிருந்தது. ரெடிஸில் இருக்கும் வரிசைகளின் பெயர்களைக் கேட்டேன். 'டிஃபால்ட்' காலியாக இருந்தது. 'மெயிலர்ஸ்' என்ற வரிசையில் அத்தனை கடிதங்களும், ஒன்பது நாளாக, ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நடந்தது இவ்வளவுதான்: அந்தப் பதிப்பு ரெயில்ஸ் மின்னஞ்சல் வேலைகளைத் தானாகவே 'மெயிலர்ஸ்' என்ற வரிசையில் போடும். வேறெதுவும் எழுதிவைக்காவிட்டால் சைட்கிக் 'டிஃபால்ட்' வரிசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. என் மடிக்கணினியில் வரிசையின் பெயரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் உடனே செய்துவிடும் வேறோர் அமைப்பு இருந்ததால் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. 2020 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 6.1 புதிய செயலிகளுக்கு அந்தத் தனிப் பெயரை நீக்கி, கடிதங்களையும் 'டிஃபால்ட்' வரிசைக்கே மாற்றியது. எங்களைப் போல எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்று அதிலிருந்து ஊகிக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு அது பதிலாகாது.

அடுத்து நான் செய்தது முதல் தவறைவிடப் பெரியது. பதற்றத்தில் அந்தச் சொல்லைச் சேர்த்து வொர்க்கரை மறுபடி கிளப்பினேன். அடுத்த சில நிமிடங்களில் அத்தனை கடிதங்களும் பறந்தன. 'வரும் வியாழக்கிழமை நேர்காணலுக்கு வருக' என்று, வியாழன் முடிந்த வெள்ளிக்கிழமை, எல்லாப் பிள்ளைகளுக்கும். சிலர் அடுத்த வியாழன் என்று எண்ணிக் கிளம்பினார்கள். சீட்டை எழுதிய நேரத்துக்கும் எடுத்த நேரத்துக்கும் நடுவில் உலகம் நகர்ந்திருக்கும் என்று என் நிரல் ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

அறக்கட்டளையினர் பெருந்தன்மையாக இரண்டாம் தேதி ஒன்று வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். பெரும்பாலானவர்கள் வந்தார்கள். அந்த அண்ணனின் மகள் வரவில்லை. அதற்குள் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தாள், வீட்டில் முன்பணம் வாங்கிவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். நைனா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் சமாச்சாரம் புரியுமோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: "சீட்டு எழுதிப் போட்டே. சரி. அந்தாண்ட யாரு கீறாங்கன்னு பாத்தியா?" பிறகு, "பேரு படிச்சப்போ யாராவது இருக்கேன்னாங்களா?" என்றார்.

பதினைந்து ஆண்டு அனுபவத்தில் எந்த வடிவமைப்புக் கூட்டத்திலும் யாரும் என்னை இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒரு குரலுக்காகக் கூட்டமே காத்திருந்த அந்த இரவு, என் மடியில் இருந்த நோட்டு, நான் திட்டிய திட்டு எல்லாம் திரும்ப வந்தன.

திங்கட்கிழமை சென்னைக்கு வந்து வரிசையைப் புதிதாகக் கட்டினேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

திரையில் இருந்த பொய்யை முதலில் எடுத்தேன். 'அனுப்பப்பட்டது' என்ற சொல் போய் 'வரிசையில் சேர்ந்தது' என்று வந்தது. அஞ்சல் சர்வர் 250 சொன்ன பிறகே 'ஏற்கப்பட்டது' என்று மாறும். முகவரி தவறு என்று திரும்பி வந்தால் 'திரும்பியது' என்று சிவப்பில் காட்டும். அலுவலர் பார்க்கும் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் இவற்றில் ஒன்று இருக்கும்.

வரிசையை அம்மாவின் ஏலம்போல மூன்றாகப் பிரித்தேன். கடவுச்சொல் மாற்றும் கடிதமும் ஓடிபியும் இறால்; பத்து நிமிடத்தில் கெட்டுவிடும். நேர்காணல் அழைப்பு மீன். மாதாந்திரச் செய்திமடல் நண்டு. முதலில் கண்டிப்பான வரிசை வைத்தேன்: இறால் தீர்ந்தால்தான் மீன், மீன் தீர்ந்தால்தான் நண்டு. ஒரு வாரத்தில் செய்திமடல் சாக்கிலேயே செத்துக் கிடந்தது. பிறகு எடை போட்டு மாற்றினேன், ஆறுக்கு மூன்றுக்கு ஒன்று என்று. நடுநடுவே இரண்டு நண்டு விற்கும் கணக்கு.

தோற்ற கடிதத்தை மறுபடி முயல்வதில் சைட்கிக் தாராளமானது. ஒன்றும் சொல்லாவிட்டால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 25 முறை, ஏறத்தாழ மூன்று வாரம் முயலும். அஞ்சல் சர்வர்களின் மரபும் பொறுமையானதுதான்; குறைந்தது அரை மணி இடைவெளி விட்டு விட்டு நான்கைந்து நாள் முயலச் சொல்கிறது நெறிமுறை. ஆனால் ஓடிபிக்கு மூன்று வாரப் பொறுமை எதற்கு? அதற்கு மூன்று முயற்சி, பிறகு நிறுத்தம். மறுமுனை 5இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் மறுமுயற்சியே இல்லை, உடனே ஒரு மனிதரின் கண்ணுக்குப் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தை எடுக்கும் வொர்க்கர் முதலில் நாட்காட்டியைப் பார்க்கும். நேர்காணல் நாள் கடந்திருந்தால் அனுப்பாமல் எச்சரிக்கை எழுப்பும்.

சீட்டில் முழுக் கடிதத்தையும் எழுதாமல் விண்ணப்ப எண்ணை மட்டும் எழுதுகிறேன். எடுக்கும் நேரத்தில் இருக்கும் தேதியும் பெயரும் முகவரியும் அப்போதுதான் படிக்கப்படும். விண்ணப்பம் தரவுத்தளத்தில் உறுதியாகச் சேமிக்கப்பட்ட பின்பே சீட்டு வரிசைக்குப் போகிறது. இல்லாவிட்டால் வேகமான வொர்க்கர் இன்னும் பிறக்காத விண்ணப்பத்தைத் தேடிவிட்டு இல்லை என்று திரும்பும். ஒரே சீட்டு இரண்டு முறை எடுக்கப்படலாம் என்பதையும் ஒப்புக்கொண்டுதான் எழுத வேண்டும். அனுப்பிய நேரத்தைப் பதிந்துவைத்து, பதிவு இருந்தால் மறுபடி அனுப்பாதே என்று தடுத்தேன். ரெடிஸின் நினைவகம் நிறைந்தால் பழையதைத் தூக்கி எறியும் அமைப்பு ஒன்று உண்டு. தற்காலிகச் சேமிப்புக்கு அது நல்லது, வரிசைக்கு நஞ்சு. எதையும் எறியாதே என்று மாற்றினேன்.

எல்லா முயற்சியும் தோற்ற சீட்டுகள் 'டெட்' என்ற பட்டியலுக்குப் போகும். அங்கே ஆறு மாதம் அல்லது பத்தாயிரம் சீட்டு வரை கிடக்கும், பிறகு ஓசையின்றி அழியும். யாரும் போய்ப் பார்க்காத இடம் அது. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அணியில் ஒருவர் அந்தப் பட்டியலை உரக்கப் படிக்கிறார். எண்ணிக்கையைப் படிப்பதில்லை, பெயர்களைப் படிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் அணியில் யாராவது "நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன பிறகே அடுத்த பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருப்பது தெரிகிறது. எனக்கும் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் இருந்தது.

பழவேற்காட்டில் இன்றும் சீட்டுப் போடுகிறார்கள். பட்டியலை யாராவது போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள், என்னைப் போல நோட்டோடு ஒரு பெண்பிள்ளை தேவையில்லை. பெயர்களைப் படிப்பதும் குரல் கொடுப்பதும் அப்படியே இருக்கின்றன. மாறியிருப்பது தண்ணீர். மணல் மூடி முகத்துவாரம் அடைபடும் காலங்களில் குஞ்சு இறால் உள்ளே வருவதில்லை, வளர்ந்தது வெளியே போவதில்லை. அப்போது யார் பாடாக இருந்தாலும் வலை வெறும் வலைதான். வரிசை எத்தனை நேர்மையாக இருந்தாலும் வாய் திறந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலிலும் அப்படி ஒரு வாய் உண்டு. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் கடிதம் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளங்களையும் நிறுவ வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் கேட்கிறது. இல்லாவிட்டால் வொர்க்கர் ஒழுங்காக வேலை செய்யும், கடிதம் வாசலிலேயே நின்றுவிடும். சான்றுகளைப் புதுப்பிப்பது சின்ன வேலை. முகத்துவாரத்தைத் தூர்வாருவது அப்படியல்ல, அதற்காக எங்கள் ஊரார் கேட்டுக் கேட்டுக் களைத்திருக்கிறார்கள்.

அந்த அண்ணனின் மகளை இரண்டு ஆண்டுக்குப் பிறகு பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிப்பதாகச் சொன்னாள், வேலையையும் விடவில்லை. "அந்த மெயில் அப்பறமா வந்துச்சுக்கா, இன்னும் அழிக்கல" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் செயலி சீட்டுப் போடும் வரிசைகளின் பெயர்களை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதுங்கள். உங்கள் வொர்க்கர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வரிசைகளின் பெயர்களை வலப்பக்கம் எழுதுங்கள். இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் இல்லாத பெயர் ஒன்று இருந்தால், அதன் கடைசியில் யாரோ ஒரு பிள்ளை பொன்னேரிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கே எழுதிப் பாருங்கள்.